தலைமாட்டுக் கோழி

அத்தியாயம் 3

"மேடம், பாடி கிடைச்சிருச்சு" என்றார் ஏட்டு திருப்பதி, குழிக்குள் குனிந்தபடியே. "ஆனா ரெக்கை இருக்கு."

இன்ஸ்பெக்டர் பிரகதாம்பாள் சிரிக்கவில்லை. கந்தர்வக்கோட்டைக்கு மேற்கே, முந்திரிக் காட்டை ஒட்டிய அந்தச் சுடுகாட்டில் காலை வெயிலும் சிரிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை புதைத்த அய்யாக்கண்ணுவின் மேடு இன்னும் முழுசாக அமுங்கவில்லை. நாய் தோண்டாமல் இருக்கப் போட்ட கருவேல முள் தலைமாட்டில் மட்டும் விலகிக் கிடந்தது. அங்கேதான் மண் கிளறப்பட்டிருந்தது. முழங்கை ஆழத்தில் ஒரு கருப்பு நாட்டுக்கோழி. கால்கள் இரண்டையும் சேலைக் கரைத் துணியால் கட்டியிருந்தார்கள். இறகெல்லாம் மஞ்சள்.

"செய்வினை!" என்றான் மூக்கன். இறந்தவரின் தம்பி. புகார் கொடுத்தவனும் அவன்தான். "நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க? எங்க அண்ணன் தானா சாகல மேடம். எவனோ மருந்து வச்சுருக்கான். இப்பப் பொதகுழியையும் நோண்டி வேலை பாக்குறான். தோண்டி எடுங்க. அறுத்துப் பாருங்க."

"அறுக்கத்தான் தாசில்தார் மதியம் வாராரு. டாக்டரும் கூட வாராரு. உங்க மதினி என்ன சொல்லுது?"

"அது கையெழுத்துப் போட மாட்டேங்குது. பொதச்சவரைத் தோண்டினா நானும் அதே குழியில எறங்கிருவேங்குது. அண்ணன் மக சத்யா வேற நெறமாசமா வீட்டுல கெடக்கு. இந்த வாரமோ அடுத்த வாரமோ. அதுக்குத் தெரியாம முடிச்சுரணும்."

பிரகதாம்பாள் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் என்னைக்கு செத்தாரு?"

"ஞாயித்துக்கெழமை விடியக்காலம். மோட்டார் கொட்டகையில, கட்டில்ல கெடந்தாரு. மதினிதான் மொதல்ல பாத்து அலறுச்சு."

"பாடையில கோழி கட்டினீங்களா?"

"ஞாயித்துக்கெழமை செத்தவருக்கு எதுக்கு மேடம் கோழி?"

"அதையேதான் நானும் கேக்குறேன்."

மூக்கனுக்குப் புரியவில்லை. தாலுகா ஆபீசுக்குப் போன் போட, சிக்னல் தேடி மேட்டுப் பக்கம் நடந்தான். அவன் போகும்வரை காத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்:

"திருப்பதி, சனிக்கிழமை செத்தவர் துணைக்கு ஆள் தேடுவார்னு இந்தப் பக்கம் நம்புறாங்க. பாடையில ஒரு கோழியைக் கட்டிட்டா, துணைக்கு அது போயிரும். வீட்டுல மத்தவங்க தப்பிச்சாங்க."

"அப்ப இந்தக் கோழி பஸ்ஸை விட்டுட்டு லேட்டா வந்திருக்கு."

"ஆமா. யாரோ ஒருத்தருக்கு அவர் சனிக்கிழமையே செத்தது தெரியும். ஊருக்குச் சொல்ல முடியல. பயம் மட்டும் விடல."

திருப்பதி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சை வேறு பக்கம் திருப்புகிறவர்போலக் கால்மாட்டுக்கு நடந்து, அங்கே நட்டிருந்த செங்கல்லைக் குனிந்து பார்த்தார். "மேடம், இங்கிட்டு வாங்க. மெழுகு."

செங்கல்லின் உட்புறம் மெழுகுவர்த்தி உருகி வழிந்திருந்தது. அதில் ஒரு பெருவிரல் பதிவு. கன்னங்கரேல் என்று.

"தலைமாட்டில மஞ்சள், கால்மாட்டில மெழுகுவத்தி. சர்வமதக் கோழி மேடம் இது. குடியரசு தினத்துக்கு ஊர்வலம் விடலாம்."

"கோழி அங்கிட்டு, வெளிச்சம் இங்கிட்டு. ஏன்?"

"காத்து. செங்கல் மறைப்பா இருந்திருக்கும்."

அந்தப் பதில் வசதியாக இருந்தது. வசதியான பதில்களை அவள் வழக்கமாக நம்புவதில்லை. அன்றைக்கு நம்பிவிட்டாள்.

ஜீப் கிளம்பியது. இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள் கிளையைத் தரையில் ஊன்றி, முழங்காலிட்ட ஆட்கள்போல நின்றன. பகலிலும் அடியில் இருட்டு.

"இன்னும் தாசில்தார் வரல" என்றார் திருப்பதி. "பேசாம தோண்டிட்டா என்ன மேடம்? சந்தேகம் தீந்துரும்ல?"

"நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு ஸ்டேஷன்ல நடந்தது தெரியுமா? கம்பெனி ஷெட்ல ஒரு வடக்கத்திப் பையன் தூக்கத்துலயே செத்துட்டான். ஊர்ல இருந்து ஆள் வர்ற வரைக்கும் காத்துகருப்பு அண்டாம இருக்கக் கூட்டாளிங்க பக்கத்துல ஒரு அரிவாளை வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க அதை ஆயுதம்னு எழுதிக் கூட்டாளிங்களை உள்ள வச்சுட்டாங்க. கடைசியில மாரடைப்பு. அவங்க வெளிய வர்றதுக்குள்ள பாடியை ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க, அடக்கம் பாக்கக்கூட முடியல."

"நம்ம வீட்டுலயும் இரும்பு வைப்போமே மேடம்."

"நம்ம வீட்டுல வச்சா சடங்கு. அவங்க வச்சா கேஸு. நமக்குப் புரியாதது எல்லாம் குற்றம் இல்ல திருப்பதி. தோண்டினா பொணம் மட்டும் மேல வராது. எல்லாம் வரும். அதுக்கு முன்னாடி இந்தக் கோழிக்காரரை நான் பாக்கணும்."

"எங்க தேடுறது?"

"பெருவிரல்ல."

முந்திரிக் கொட்டையைச் சுட்டு உடைக்கும்போது ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். பட்ட இடம் வெந்து கருத்துவிடும். சோப்புக்குப் போகாது. அந்த ஊரில் கொட்டை உடைக்கிற பெண்கள் எல்லாம் மெயின் ரோட்டில்தான் வரிசையாக ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திருப்பதி ஜீப்பிலிருந்தபடியே ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முருகன், மாரியம்மன், மறுபடி முருகன். ஒரே ஒரு கொட்டகையில் வேளாங்கண்ணி மாதா படம்.

"நிறுத்துப்பா" என்றாள் பிரகதாம்பாள்.

கொட்டகையில் இருந்தவள் சந்தனமேரி. நாற்பதைத் தாண்டியிருப்பாள். போலீசைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கட்டையால் கொட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கையெல்லாம் சாம்பல். சாம்பலுக்கு அடியில் பெருவிரல் கரியாக இருந்தது.

"பருப்பு வேணுமா மேடம்? இன்னைக்கு வறுத்தது."

"செருப்பு புதுசா?" என்றார் திருப்பதி. ஓரமாகக் கழற்றிப் போட்டிருந்த செருப்பின் அடியில் கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பழசு போச்சு."

"தேஞ்சு போச்சா, தொலைஞ்சு போச்சா?"

கட்டை நின்றது. பிரகதாம்பாள் மெழுகுத் துண்டு இருந்த கவரை அவள் முன்னால் வைத்தாள். சந்தனமேரி அதைப் பார்த்தாள். தன் பெருவிரலையும் பார்த்துக்கொண்டாள்.

"அவருக்கு மெழுகுதிரி ஏத்துறது தப்பாங்க?"

"தப்பில்ல. கோழி பொதைக்கிறதும் தப்பில்ல. அவர் சனிக்கெழமை செத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? அது மட்டும் சொல்லுங்க."

"நான் கூட இருந்தேன்."

பக்கத்துக் கொட்டகையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சந்தனமேரி குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தும் நிலையைத் தாண்டியவள்போல இருந்தாள்.

"எத்தனை நாளாப் பழக்கம்னு கேக்காதீங்க. கொட்டை கொண்டாருவாரு. உக்காந்து பேசுவாரு. அப்புறம் மோட்டார் கொட்டகைக்கு வரச் சொன்னாரு, போனேன். அதுக்கு நீங்க என்ன பேரு வேணா வச்சுக்குங்க. அன்னைக்குப் பொழுது சாயுற நேரம். பேசிக்கிட்டே இருந்தவரு மாரைப் புடிச்சுட்டு உக்காந்தாரு. சட்டையெல்லாம் நனைஞ்சுருச்சு. எடது கை மரத்துப் போச்சுன்னாரு. நான் 108-க்கு அடிச்சேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. காட்டுக்குள்ள எடம் தெரியாது, மெயின் ரோட்டுல ஆளு நின்னு கை காட்டுங்கன்னு சொன்னாங்க. ரோட்டுல நின்னா ஊரு பாக்கும். யாருக்கு என்னன்னு கேக்கும். நான் மரத்துக்குப் பின்னாடி நின்னேன். வேன் வந்து நின்னுச்சு. லைட்டு சுத்துது, என் மேலயே வந்து வந்து போகுது. போனடிச்சாங்க. எடுக்கல. திரும்பிப் போயிட்டாங்க. மறுபடி கொட்டகைக்கு ஓடுனா, மூச்சு இல்ல. வளையல் ஒடைஞ்சது தெரியல, செருப்பை விட்டது தெரியல. ஓடியாந்துட்டேன்."

ஒரு லாரி போனது. சாம்பல் பறந்து அவள் முகத்தில் படிந்தது. அவள் துடைக்கவில்லை.

"இந்த ரோட்டுல தெனமும் ஒரு தடவையாவது அந்த வேன் போகுது மேடம். சத்தம் கேட்டாக் கை நின்னுருது."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

சொன்னாள். இரண்டே வார்த்தை. பிரகதாம்பாள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

திருப்பதி தொண்டையைச் செருமினார். "மாதா படத்தை வச்சுக்கிட்டு சனிக்கெழமைக் கோழி எதுக்கும்மா? உங்க சாமியார் கேட்டாத் திட்ட மாட்டாரு?"

"எனக்கு அதுல நம்பிக்கை இல்லைங்க. அவங்க வழக்கம் அது, அவரே சொல்லியிருக்காரு. ஊரு ஞாயித்துக்கெழமைன்னு நெனச்சுப் பொதச்சுருச்சு, கோழி கட்டல. அந்தப் புள்ளை சத்யா நெறமாசமா இருக்கு. அதுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா எனக்கு நம்பிக்கை வந்துரும்ல? அதான்."

திருப்பதியால் அதற்குமேல் கிண்டல் செய்ய முடியவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்காது. "இந்த விலையில நாட்டுக்கோழி வாங்கி மண்ணுல போட்டிருக்கீங்க. பெரிய மனசுதான்."

"நாட்டுக்கோழியா?" சந்தனமேரி நிமிர்ந்து பார்த்தாள். "நான் போட்டது பிராய்லருங்க. கறிக்கடையில போயி உரிக்காம உசுரோட குடுன்னு கேட்டேன். வெட்டாம என்னக்கா பண்ணுவ, வளக்கப் போறியான்னு அவன் சிரிச்சான்."

"வெள்ளைக் கோழி?"

"பிராய்லர் வேற என்ன கலர்ல இருக்கும்?"

பிரகதாம்பாள் மெதுவாகக் கேட்டாள். "எந்தப் பக்கம் பொதச்சீங்க?"

"கால்மாட்டுல. செங்கல்லுக்கு உள்பக்கம். மறுநா மழை பெஞ்சு மண்ணு அமுந்துருச்சு. தலைமாட்டுக்குப் போக எனக்கு என்ன ரைட்டு இருக்கு?"

ஜீப்பில் ஏறியதும் திருப்பதி 108 கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டார். சனிக்கிழமை அந்தி. பெண் குரல். மார்வலி, வியர்வை, இடது கை மரப்பு. பதிவு இருக்கிறது. வண்டி வந்திருக்கிறது, வழி காட்ட ஆள் இல்லாமல் திரும்பியிருக்கிறது.

"மருந்து வச்சவ ஆம்புலன்ஸைக் கூப்பிட மாட்டா மேடம்."

"மாட்டா. செத்தது மாரடைப்புலதான். அது முடிஞ்சுது." பிரகதாம்பாள் முள் விலகிக் கிடந்த அந்தத் தலைமாட்டை நினைத்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஆள்னு நெனச்சோம் பாருங்க. மஞ்சள் தடவுறவ மெழுகுவத்தி ஏத்த மாட்டான்னு நமக்கு உறைக்கல. நீங்க சர்வமதம்னு சிரிச்சீங்க, நான் சரின்னுட்டேன்."

"அப்ப சனிக்கெழமைன்னு தெரிஞ்சவங்க இன்னொருத்தர் இருக்காங்க."

"தலைமாட்டுக்குப் போக ரைட்டு இருக்கிற ஒருத்தர்."

அய்யாக்கண்ணுவின் வீட்டு வாசலில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் கருப்பு. உள்ளே ஃபேனுக்கு அடியில் சத்யா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூக்கத்தில் வயிற்றின் மேல் ஒரு கை. அய்யாக்கண்ணுவின் மனைவி மணிமேகலை மகளைப் பார்த்தபடி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். போலீசைக் கண்டதும் எழுந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் நடந்தாள். கொடியில் காய்ந்த ஒரு சேலையில் கரை கிழிந்திருந்தது. பிரகதாம்பாள் பார்ப்பதை மணிமேகலையும் பார்த்தாள்.

"கோழியை எடுத்துட்டீங்களா?" என்றாள் நேராக. "திரும்பப் போட்ருங்க. இல்லாட்டி வேற ஒண்ணு தாரேன்."

"திரும்பப் போட்டாச்சு. சனிக்கெழமை ராத்திரியே உங்களுக்குத் தெரியும். இல்லையா?"

"சாப்பிட வரல. தூக்குவாளியில சோறு எடுத்துக்கிட்டுப் போனேன். கெடந்தாரு."

"ஏன் கத்தல?"

மணிமேகலை கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். "கொட்டகை வாசல்ல பொம்பளைச் செருப்பு கெடந்துச்சு. உள்ள வளையல் துண்டு. நான் கத்தியிருந்தா ஊரு ஓடியாந்திருக்கும். அவரைப் பாக்க மாட்டாங்க, அதைத்தான் பாப்பாங்க. பொறக்கப் போற புள்ளைக்குக்கூட அந்தக் கதையைச் சொல்லுவாங்க. செருப்பைக் கெணத்துல போட்டேன். போன் வெளிச்சத்துல கொட்டகையைக் கூட்டினேன்."

"அவர் கட்டில்ல கெடக்க?"

"அவரு கட்டில்ல கெடக்க. ஒரு வளையல் துண்டு அவரு கைக்கு அடியில இருந்துச்சு. கையைத் தூக்கித்தான் எடுத்தேன். வெறைச்சுப் போயிருந்துச்சு. எல்லாம் முடிச்சுட்டு விடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தேன். வெளுத்ததும் அழுதேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "ஞாயித்துக்கெழமைன்னு ஆயிருச்சு. அப்புறம்தான் கோழி ஞாபகம் வந்துச்சு. சத்யா தூக்கத்துல அப்பா அப்பாங்குது மேடம். கூப்புடுற மாதிரி இல்ல. பதில் சொல்ற மாதிரி."

திருப்பதி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மதியம் குழியைத் தோண்டப் போறாங்க" என்றாள் பிரகதாம்பாள். "நிறுத்தணும்னா மூக்கனோட சந்தேகம் தீரணும். சனிக்கெழமை ராத்திரியே பாத்தேன், கோழி பொதச்சது நான்தான்னு எல்லாரு முன்னாடியும் நீங்க சொல்லணும். ஊரு உங்களைத்தான் பேசும். வேற வழி எனக்குத் தெரியல."

"செருப்பைச் சொல்லணுமா?"

"நான் கேக்க மாட்டேன்."

"அவ பேரு எழுதுவீங்களா?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம்" என்றாள் மணிமேகலை.

தாசில்தார் வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. மண்வெட்டியோடு ஆட்கள், கையுறையோடு டாக்டர், வேடிக்கை பார்க்க ஊர். மணிமேகலை தலைமாட்டில் வந்து நின்றாள். பக்கத்தில் திருப்பதி. கால்மாட்டுச் செங்கல்லை மறைத்துப் பிரகதாம்பாள்.

"மூக்கா, கோழியைப் பொதச்சது நான்தான். உங்க அண்ணன் செத்தது சனிக்கெழமை. எனக்கு ராத்திரியே தெரியும். விடியட்டும்னு உக்காந்திருந்தேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மூக்கன் ஒரு எட்டு முன்னால் வந்தான். "பொணத்தோடயா? ராத்திரி பூரா? தனியாவா?"

"இத்தனை வருசம் கூட இருந்தேன். ஒரு ராத்திரி பெருசா?"

"ஒனக்குப் பைத்தியமா மதினி? சனிக்கெழமைன்னு தெரிஞ்சும் கோழி கட்டாமத் தூக்க விட்டியா? வீட்டுல ஒரு புள்ளை நெறமாசமா..."

"அதான் போட்டாச்சுல்ல."

"ஒண்ணுக்கு ரெண்..." என்று ஆரம்பித்த திருப்பதியைப் பிரகதாம்பாள் பார்த்த பார்வையில் மிச்சம் தொண்டைக்குள்ளேயே போனது.

அவள் தாசில்தாரிடம் திரும்பினாள். "சார், சனிக்கிழமை சாயந்தரமே 108-க்கு ஒரு கால் போயிருக்கு. மார்வலி, வியர்வை, கை மரத்துப் போச்சுன்னு சொல்லியிருக்காங்க. குரல் பதிவு இருக்கு. டாக்டரும் கேக்கலாம். சந்தேகத்துக்கு இடமில்லைன்னு நான் ரிப்போர்ட் தாரேன்."

"போன் பண்ணது யாரு?" என்றான் மூக்கன். "அந்த நேரத்துல அங்க யாரு இருந்தா?"

பிரகதாம்பாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மணிமேகலை முந்திக்கொண்டாள்.

"யாரோ ஒருத்தரு ஒத்தாசைக்குக் கூப்புட்டிருக்காங்க. நீயும் நானும் கூப்புடலல்ல? அப்ப என்ன கேள்வி?"

மூக்கன் அவளையே பார்த்தான். அவனுக்கு ஏதோ விளங்கியது போலிருந்தது. அது விளங்க வேண்டாம் என்று அவனே முடிவு செய்ததும் போலிருந்தது. குனிந்து, விலகிக் கிடந்த முள்ளைக் கையாலேயே இழுத்துத் தலைமாட்டை மூடினான். கையில் ரத்தம் வந்தது. "அறுக்க வேணாம் சார்" என்றான்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். கூட்டம் கலைய மனமில்லாமல் கலைந்தது. போகிற பெண்கள் மணிமேகலையைத் தொடாமல் விலகிப் போனார்கள். ராத்திரி பூராவும் பிணத்தோடு இருந்தவள். இனி அவள் பெயர் அதுதான்.

ஜீப் கிளம்பும் நேரம் அவள் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"அவளைப் பாத்தீங்கள்ல? கடைசியா அவரு ஏதாவது சொன்னாரான்னு கேட்டீங்களா?"

திருப்பதி ரோட்டைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பொய் கையில் இருந்தால் பிரகதாம்பாள் அதைக் கொடுத்திருப்பாள். இல்லை.

"'நீ போயிரு'ன்னாராம்."

"அவளையா?"

"ஆமா. ஆள் பாத்துருவாங்கன்னு."

மணிமேகலையின் கன்னத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. விரட்டவில்லை.

"என்னைச் சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்" என்றாள்.